டைனமோவிடம் எவ்வளவு கேட்கலாம்?

(நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பகுதியில் பழைய அம்பாசடரையும் ஃபியட்டையும் விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. "அந்த வண்டிகளில் பேட்டரி ஏன் நிற்பதே இல்லை என்று பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பேட்டரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டைனமோவில்தான் போய் நிற்கும், ஆகவே நேராக அங்கிருந்தே தொடங்குகிறேன். கார் இல்லாதவர்களும் பொறுமையாகக் கேளுங்கள். நடுவில் தீப்பிடிக்கிற விஷயம் ஒன்று வருகிறது, அது பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று பாருங்கள். நீளமான உருளையாக, பின்பக்கம் பெரிதும் சிறிதுமாக இரண்டு டெர்மினலோடு இருந்தால் அது டைனமோ. குட்டையாக, பருமனாக, உடம்பெல்லாம் காற்றுப் போகும் துளைகளோடு இருந்தால் ஆல்டர்னேட்டர். ஆல்டர்னேட்டர்காரர்களுக்கு இன்று பெரிய வேலை இல்லை.

பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த அந்தக் கால வண்டிகளுக்கு லூகாஸ் டைனமோதான். 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், சென்னைப் பாடியில் ஆலை வைத்து வண்டி மின்சாதனங்களைச் செய்தது. அந்த டைனமோக்கள் முழு வேகத்தில் சுற்றும்போது தரக்கூடியது 19 அல்லது 22 ஆம்பியர். இன்றைய கார் ஒன்றில் 60, 70 ஆம்பியர் சாதாரணம். எல்லாக் குழப்பமும் இந்த வித்தியாசத்தில் இருந்துதான் வருகிறது.

ஒரு வீட்டுக் கணக்குப் போல எழுதிப் பாருங்கள். வரவு 22 ஆம்பியர். இரண்டு 45 வாட் ஹெட்லைட்டுக்கு ஏழரை ஆம்பியர். பார்க்கிங், டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்ந்து சுமார் 2. இக்னிஷன் காயிலுக்கு ஒரு 3. செலவு பன்னிரண்டரை. மீதி ஒன்பதரை பேட்டரிக்குப் போகும். வண்டி செய்தவன் போட்ட கணக்கு இதுதான், அவன் ஒன்றும் தவறு செய்யவில்லை. நாம் என்ன செய்கிறோம்? "வெளிச்சம் பத்தவில்லை" என்று 100 வாட் ஹாலஜன் ஜோடி மாட்டுகிறோம். அது மட்டுமே 16 ஆம்பியருக்கு மேல் தின்னும். மற்றதையும் கூட்டினால் கிட்டத்தட்ட 22 வந்துவிடும். பேட்டரிக்குச் சுழியம். அதற்கு மேல் பாட்டுப்பெட்டி, குட்டி ஃபேன்.

அதிலும் அந்த 22 ஆம்பியர் வண்டி ஓடும்போதுதான். ஐடிலிங்கில் டைனமோ ஒன்றும் தராது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அது கோளாறு இல்லை, அதன் பிறவிக் குணம். கம்யூட்டேட்டரும் பிரஷ்ஷும் வழியாக முழு மின்சாரத்தையும் எடுக்க வேண்டியிருப்பதால் டைனமோவை அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றவிட முடியாது. எனவே மெதுவான ஓட்டத்தில் அதன் வேகம் போதாது.

இப்போது நம் ஊர் மாப்பிள்ளை அழைப்பை நினைத்துப் பாருங்கள். பழைய அம்பாசடருக்குப் பூ அலங்காரம், சீரியல் பல்பு, ஹெட்லைட் எல்லாம் எரிய, நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஒன்றரை மணி நேரம். அத்தனை நேரமும் வரவே கிடையாது, பேட்டரியில் இருந்து செலவு மட்டும். மண்டப வாசலில் வண்டியைத் தள்ளுகிற மாப்பிள்ளைத் தோழர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மறுநாள் காலையில் ஒரு கை வைத்தியம் நடக்கும். அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

டைனமோ பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். நாம் 'கட்-அவுட்' என்போம். உள்ளே இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று ரெகுலேட்டர்: வோல்ட் ஏறும்போது டைனமோவின் பீல்டு மின்சாரத்தைக் குறைத்து அடக்குவது. சுமை கூடினால் வோல்ட்டைத் தானே தணித்து டைனமோவைக் காப்பதும் அதுவே. மற்றது நிஜமான கட்-அவுட்: டைனமோ 13 வோல்ட் அளவுக்கு வந்ததும் பேட்டரியோடு இணைப்பது, இன்ஜின் நின்றால் பிரிப்பது. "சார்ஜ் குறைவு" என்றதும் சிலர் மூடியைக் கழற்றி ரெகுலேட்டர் ஸ்க்ரூவை அரைச் சுற்று முறுக்கிவிடுகிறார்கள். ஆம்மீட்டர் முள் ஏறும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அல்லவா இந்தச் சந்தோஷம்? டைனமோ சூடாகி ஆர்மேச்சரின் ஈயப்பற்று உருகித் தெறிக்கும். பேட்டரி 15 வோல்ட்டைத் தாண்டினால் கொதித்துத் தண்ணீர் வற்றும்.

தீ என்றேனே, அது இது. கட்-அவுட் பாயிண்ட் கருகி ஒட்டிக்கொண்டால், இன்ஜினை நிறுத்திய பிறகும் பேட்டரி முழு பலத்தோடு டைனமோவுக்குள் பாயும். வயர் பழுத்து எரியும். ஓலைச் சாய்ப்பிலும் வைக்கோல் போருக்குப் பக்கத்திலும் வண்டி நிற்கிற ஊர் இது. சாவியை எடுத்த பிறகு கருகல் வாடை வந்தாலோ, ஆம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தே கிடந்தாலோ வேறு யோசனை வேண்டாம், பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் மாட்டி, இரவில் திருப்பிவிட்டுப் படுப்பது இன்னும் நல்லது.

ஸ்க்ரூவைத் தொடும் முன் என்ன பார்க்க வேண்டும்? ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் புஷ் போய்விடும். பின்பக்க புஷ்ஷுக்கு எண்ணெய்த் துளை உண்டு, எப்போதாவது நாலு சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்கள். பேட்டரியில் இருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் துருவைச் சுரண்டுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். நம் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் கிளப்புகிற புழுதி கம்யூட்டேட்டருக்குள் போய் அடையும். பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள். தேய்க்க வேண்டுமானால் கண்ணாடித்தாள். எமரித்தாள் கூடாது, அதன் துகள் செம்பில் பதிந்துவிடும்.

டைனமோவைத் தனியாகச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். அதன் இரண்டு வயரையும் கழற்றி, இரண்டு டெர்மினலையும் ஒரு சிறு வயரால் சேர்த்து, அங்கிருந்து பாடிக்கு மீட்டரை வையுங்கள். இன்ஜினை ஐடிலிங்கில் இருந்து மெதுவாக ஏற்றினால் வோல்ட் தடங்கலின்றி ஏற வேண்டும். 20 வோல்ட்டுக்கு மேல் போகவிடாதீர்கள். ஒரு வோல்ட்டிலேயே நின்றால் பீல்டு காயில் பக்கம் சந்தேகம். நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். எதுவுமே காட்டாவிட்டால் முதலில் பிரஷ்ஷைப் பாருங்கள். டைனமோ நன்றாக இருந்து, எல்லா வயரையும் பழையபடி மாட்டியபின் பேட்டரியில் 14, 14.5 வோல்ட் வந்தால் பெட்டியில் கை வைக்க வேண்டியதே இல்லை. குறைக்க வேண்டியது செலவைத்தான். நல்ல எல்இடி ஹெட்லைட் ஜோடி 40 வாட் எடுத்தால் மூன்றரை ஆம்பியர்கூட ஆகாது. ஒரு எச்சரிக்கை: பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பார்க்காமல் எல்இடியோ செல்போன் சார்ஜரோ மாட்டினால் அன்றோடு சரி.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஆல்டர்னேட்டராக மாற்றிவிட்டால் என்ன?" என்று கேட்டார். தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் தாராளமாக மாற்றலாம், பாசிட்டிவ் எர்த்தாக இருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. அந்த எண்ணம் இருப்பவர்கள் டைனமோவை வண்டியிலேயே விட்டுவையுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்பவர்கள், கழற்றிய டைனமோவையும் கறுப்புப் பெட்டியையும் பழைய இரும்புக்குப் போடாமல் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். மீட்டர் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுவந்தால், என்னுடையதில் பார்த்துச் சொல்கிறேன்.