பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்



கிளிநொச்சியில் கூடும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கும்படி கேட்டபோது இரண்டு நாள் மறுமொழி சொல்லாமல் இருந்தேன். என்னிலும் கூடப் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் இப்போதும் விடவில்லை.

தந்த தலைப்பு ‘மனித உயிரின் தொடக்கம்: கிறிஸ்தவ நோக்கு’. 139ஆம் சங்கீதம், எரேமியாவின் அழைப்பு, எலிசபெத்தின் வயிற்றில் துள்ளிய பிள்ளை, கருக்கலைப்பைத் தடுத்த ‘திதாக்கே’, 1987இல் வத்திக்கான் வெளியிட்ட ‘தோனும் வீத்தே’ எல்லாம் உங்களுக்குப் பாடமானவை. அவற்றைக் கட்டுரையாளர்களிடம் விட்டுவிட்டு நான் ஒரேயொரு வசனத்தில் நிற்கப் போகிறேன்.

யாத்திராகமம் 21:22. ஆண்கள் சண்டைபிடிக்கிறார்கள், இடையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி அடிபடுகிறாள், கரு வெளியேறுகிறது. வேறு சேதம் இல்லையென்றால் தண்டப்பணம், சேதம் உண்டென்றால் உயிருக்கு உயிர். யாருக்கு வந்த சேதம்? எபிரேய மூலம் சொல்லவில்லை. கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர் பிள்ளையைப் பார்த்தார்கள். கரு உருப்பெற்றதா இல்லையா என்பதையே அளவாக வைத்தார்கள். இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் தாயைப் பார்த்தார். 1871இல் ஹென்றி பவர் குழு நிறைவு செய்த பெயர்ப்பின் வழிவந்த நமது பழைய தமிழ் வேதாகமம் ‘அவளுக்கு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து, ஜெரோமின் பக்கமே நின்றது.

அந்தச் சொல்லை மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு என்று என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் முன்பு எழுதினார். அவருடைய எபிரேயப் புலமைக்கு நான் கடன்பட்டவன். இந்த முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை. யூத ரபிமாரும் அந்தச் சேதத்தைத் தாய்க்கு உரியதாகவே வாசித்தார்கள். இன்னொரு நண்பர் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு, கருவுக்குத் தண்டப்பணம்தான், ஆகவே கரு மனிதனல்ல என்றார். இது அதைவிடப் பெரிய பிழை. அதே அதிகாரத்தின் 32ஆம் வசனத்தில், மாடு முட்டி ஓர் அடிமை செத்தால் எசமானுக்கு முப்பது சேக்கல் வெள்ளி. அடிமை மனிதனல்ல என்று மோசே சொன்னதாக நம்மில் யார் வாதாடுவோம்? தண்டத்தின் அளவை வைத்து உயிரின் அளவைக் கணக்கிட முடியாது.

கருவுக்கு நாற்பதாம் நாளில்தான் ஆன்மா வருகிறது என்ற வாதமும் அப்படித்தான். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அக்குவினாஸ் ஆன்மா பிந்தி வருகிறது என்றார். அதற்கு முன் கருவை அழிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. உருப்பெற்றது, பெறாதது என்ற பேதத்தை 374 அளவிலேயே பசிலியார் தம் 188ஆம் கடிதத்தில் மறுத்துவிட்டார். திருச்சபையின் தண்டனையில் அந்தப் பேதத்தை 1588இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் நீக்கினார், 1591இல் பதினான்காம் கிரகோரியார் திருப்பிக் கொண்டுவந்தார், 1869இல் ஒன்பதாம் பத்திநாதர் மறுபடி நீக்கினார். நமது நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவில் அது போன்றதொரு பேதம் இன்னும் உயிரோடு இருக்கிறது: கருக்கலைப்புக்கு மூன்று வருடம் வரை சிறை, பிள்ளை அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு.

இதையெல்லாம் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்தும் பேசியிருக்கலாம். இறுதிப் போர் நடந்த இந்த வன்னியில் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். மாவட்டச் செயலகமான கச்சேரியின் பதிவின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே என்று கேட்டார். அந்த ஒக்டோபரில் தாயின் வயிற்றில் இருந்தவர்கள் இந்தக் கணக்கிலும் இல்லை. பதுங்குகுழியிலும் வீதியோரத்திலும் சிதைந்த கருவுக்குக் கச்சேரியில் ஏது பெயர்?

கச்சேரியை விடுவோம். நம்மிடம் இருக்கிறதா? ஒரு பங்கில் பல வருடங்களுக்கு முன் ஒரு தாய் வந்தாள். போரின்போது மாத்தளனில் ஆறாம் மாதம் ‘அழிஞ்சு போச்சு’ என்றாள், பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்டாள். பெயர் என்ன என்று கேட்டோம். பெயர் வைக்கவில்லை என்றாள். ‘சகல ஆன்மாக்கள்’ என்று எழுதிக்கொண்டோம். கருவான நாளிலிருந்தே மனிதன் என்று பிரசங்கித்த வாயால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

திருச்சபைச் சட்டம் நம்மைவிட முன்னே போயிருக்கிறது. சிதைந்த கரு உயிரோடிருந்தால் இயன்றவரை ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்கிறது 871ஆம் இலக்கம். பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து அதற்கு முன் இறந்த பிள்ளைக்கு ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம் என்கிறது 1183ஆம் இலக்கத்தின் இரண்டாம் பகுதி. 2017இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தும் யோசனை வந்தபோது கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். அது சரியென்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த யோசனைக்கு எதிராகச் சொன்ன வார்த்தையை இந்தத் தாய்மாருக்கு ஆதரவாகவும் சொல்லியிருக்க வேண்டும். ஆன்மா வரும் நாளைத் தீர்மானிக்காமலே இந்த ஆதரவைக் காட்டலாம். கருக்கலைப்புப் பற்றிய 1974ஆம் ஆண்டு உரோமை அறிக்கைகூட அந்த நாளைத் தீர்மானிக்காமல்தான் விட்டது.

நான் கேட்பது, பங்குப் பதிவேட்டில் இந்தப் பிள்ளைகளுக்கென ஒரு பக்கம்: தாயின் பெயர், இடம், தெரிந்தால் மாதம், விரும்பினால் பிள்ளைக்கு ஒரு பெயர். அதற்கான தீர்மான வரைவை மேசையில் வைத்திருக்கிறேன். முதற்கட்டுரை தொடங்குமுன் வாசித்து, பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்.