துடைப்பம் பிடித்த கைக்கும் பயிற்சி
(பழையசீவரம் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, 2024 நவம்பர் 13 அன்று கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவருக்குக் கத்திக்குத்து. நாடே பேசியது, பேச வேண்டியதுதான். 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிசை அடக்கம் செய்யப் போன ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் கல்லடி பட்டார்களே, அவங்க பேரு யாருக்காவது தெரியுமா?

ஆஸ்பத்திரி ஆட்கள்மேல் கைவைத்தால் ஜெயில் என்று 2008லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு. ஆனா கூட்டம் கொதிச்சு வரும்போது வார்டு வாசலில் நிற்பது யார்? நம்ம சேரியிலிருந்து போகிற ஒப்பந்தத் துப்புரவுப் பெண். எப்படிப் பேசுவது, எப்போது விலகுவது, யாரைக் கூப்பிடுவது என்ற பயிற்சி முதலில் அவளுக்கு வேண்டும். பலர் முன்னால் சாதிப் பேர் சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் புகார் எழுதவேண்டும். 'அனுசரிச்சுப் போம்மா' என்று சூப்பர்வைசர் சொன்னால் அதுவும் அடிதான். புகார் கொடுத்தவளை அடுத்த மாசம் வேலையிலிருந்து நிறுத்தமாட்டோம்னு ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போடட்டும்.