வெள்ளிமலையும் வெள்ளை மாளிகையும்



கல்வராயன் மலைமீது நின்றுகொண்டு வெள்ளை மாளிகையைப் பற்றிப் பேசுகிறானே, இவனுக்கென்ன பித்தா என்று எண்ணுவீர்கள். கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பொருளாதாரப் பட்டம் என்னிடம் இல்லை. ஆனால் மரவள்ளி பயிரிடுவோரிடம் கற்ற பாடம் ஒன்று உண்டு. பிடுங்கிய கிழங்கை இரண்டொரு நாளில் விற்றாகவேண்டும், இல்லையேல் கெட்டுவிடும். வாங்க வருபவனோ ஒரே வியாபாரி; முன்பணம் தந்தவனும் அவனே! அவன் சொன்னது விலை. அவன் பிடித்தது எடை! ஆத்தூர்ப் பக்கத்து ஆலைக்காரர் இன்னொருவரும் லாரி அனுப்பட்டும். அப்போதல்லவா உழவன் வாய் திறக்கிறான்!

நாடுகளின் கதையும் அதுவே. 1966-இல் இந்தியா வறட்சியில் வாடிற்று. அமெரிக்கக் கோதுமையை நம்பி அடுப்பு எரிந்தது. வியட்நாம் போரை டில்லி கண்டித்தது, வெகுண்டார் ஜான்சன். கோதுமைக் கப்பல்களை மாதாமாதம் அளந்து அளந்து விட்டார். அதே வியாபாரி, அதே தராசு!

பிறகு வாயில்கள் பல திறந்தன. 2022-க்கு முன் நாம் வாங்கிய எண்ணெயில் ரஷ்யாவினுடையது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. 2023-இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிற்று. மலிவாகக் கிடைத்தது, வாங்கினார்கள். தவறென்று கூறமாட்டேன். எவரிடம் வாங்குவதென வாஷிங்டன் கட்டளையிட நாமென்ன கொத்தடிமைகளா?

ஆனால், இலாபம் எவருக்கு? இழப்பு எவருக்கு? அந்த எண்ணெயைக் காரணங்காட்டி, முன்பு விதித்த 25 விழுக்காட்டின்மேல் இன்னும் 25 விழுக்காடு வரியை 2025 ஆகஸ்ட் 27 முதல் சுமத்தினார் டிரம்ப். அடி விழுந்தது எண்ணெய் ஆலைமீதா? இல்லை, திருப்பூர்ப் பின்னலாடைமீது! அவ்வூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குச் செல்வது. சரி, மலிவு எண்ணெயால் கள்ளக்குறிச்சியில் பெட்ரோல் விலை எவ்வளவு இறங்கிற்று? 2022 மே மாதத்து வரிக் குறைப்பை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்: 2024 மார்ச்சில், தேர்தல் வாசலுக்கு வந்தபோது, இரண்டே ரூபாய்! நாடகம் எழுதுகிறவன் நான். வசனம் ஒருவருக்கு, உதை வேறொருவருக்கு என்று எழுதினால் கொட்டகையே சிரிக்கும். டில்லி எழுதிய நாடகம் அதுதான்!

2026 பிப்ரவரியில் அந்தத் தண்டவரி நீங்கிற்று. தையல் எந்திரம் நின்ற நாள்களின் கூலி?

நம் மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டையில், 2302 கோடி ரூபாயில் காலணி ஆலை அமைக்க, தைவானின் போ சென் நிறுவனம் 2023-இல் உடன்பாடு செய்தது. 20,000 பேருக்கு வேலை என்றார்கள். நம் மலைப் பெண்களும் அங்கே போகக்கூடும். அந்தக் காலணி எந்நாட்டுக் கால்களுக்கு? அந்நாட்டோடு டில்லி பேரம் பேசுகையில் உளுந்தூர்ப்பேட்டையின் பெயரை எவரேனும் உச்சரிப்பாரா? உடன்பாடு எழுதும் மேசையில் மாநிலத்துக்கு நாற்காலி ஏன் இல்லை? உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் இம்மலைக்கு வரும்போது கேளுங்கள், நானும் கேட்கிறேன்.