ஒன்றாம் வகுப்புக்கு யார் போவது?

(மாணவர்களுக்கான கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன் உங்களிடம் எதிர்கால விருப்பத்தைக் கேட்டார்கள். டாக்டர் என்றதும் கைகள் உயர்ந்தன. இன்ஜினியர், ஆடிட்டர், வெளிநாட்டு வேலை என்றதும் உயர்ந்தன. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் என்றபோது ஒரு கை கூட உயரவில்லை. பின் வரிசையில் யாரோ சிரித்த சப்தம்தான் கேட்டது. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. பி.எஸ்சி. கணிதம் படித்தவர். கல்லூரி நாட்களில் மஃக்ரிபுக்குப் பிறகு மஹல்லாவின் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுப்பார். அதிலேயே மனம் லயித்துப் போய், 'நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியராகப் போகிறேன்' என்று வீட்டில் சொன்னார். மளிகைக்கடை வைத்திருக்கும் அவருடைய அத்தா, "ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாருக்கு எதுக்குடா டிகிரி? அதுக்கு நம்ம கடையிலேயே உட்காரலாமே!" என்றார். உறவினர்களோ, "பி.எட். படித்துவிடு, எந்த வகுப்புக்கும் போகலாம்" என்றார்கள். அதை நம்பி இரண்டு வருடம் பி.எட். படித்து முடித்தார்.

பிறகுதான் தெரிந்தது, அந்தச் சான்றிதழோடு ஒன்றாம் வகுப்புக்குள் நுழைய முடியாது என்பது!

பாதை எது?

சகோதரர்களே! இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு உரியவர் இடைநிலை ஆசிரியர். அதற்கான படிப்பு, தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு எனும் டி.எல்.எட். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் அரசே இதை நடத்துகிறது. பட்டதாரிகளும் இதில் சேரலாம்.

2018-ல் தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில், பி.எட். முடித்தவர்களும் ஆரம்ப வகுப்புகளுக்கு வரலாம், வேலையில் சேர்ந்தபின் ஆறு மாதப் பயிற்சி பெற்றால் போதும் என்று அறிவித்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. பி.எட். என்பது பெரிய வகுப்புகளுக்கான பயிற்சி, சிறு குழந்தைக்குக் கற்பிக்கும் முறை வேறு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

டி.எல்.எட். முடித்தால் மட்டும் போதாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. அதில் முதல் தாள்தான் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு உரியது. குழந்தை மேம்பாடு, மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகள், 150 மதிப்பெண்கள். 2012 ஜூலையில் தமிழகத்தில் முதன்முதலாக இத்தேர்வு நடந்தபோது லட்சக்கணக்கானோர் எழுதியும் நூற்றுக்கு ஒருவர் கூடத் தேறவில்லை. அரசுப் பள்ளி வேலைக்கு அதன்பிறகு தனியாகப் போட்டித் தேர்வு உண்டு. 2024 ஜூலையில் இடைநிலை ஆசிரியர்களுக்கு அது நடந்தது. அங்கே 2007-ல் நாம் பெற்ற மூன்றரை சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. போராடிப் பெற்ற இடத்தில் உட்காரத் தகுதியானவர்களை நாம் தயார் செய்ய வேண்டாமா?

புளியங்கொட்டைப் பாடம்

அந்தத் தம்பி துவண்டு விடவில்லை. பிளஸ் டூ முடித்து வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு மீண்டும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குச் சென்று வந்தவர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, கால்குலஸ் படித்த எனக்கு, பத்துக்கு அடுத்தது ஏன் பதினொன்று என்று ஒரு குழந்தைக்குப் புரிய வைக்கத் தெரியவில்லை. புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து, பக்கத்தில் ஒன்றை வைத்த பிறகுதான் அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்தது. அன்றுதான் நான் ஆசிரியர் ஆனேன்."

'ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார்' என்று நாம் சிரிக்கிறோமே, அந்த வேலை இதுதான்!

வணிகப் பெருமக்களே!

2006-ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, 6 முதல் 14 வயது வரையிலான முஸ்லிம் குழந்தைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று சொன்னது. கல்லூரி வாசலில் நின்று அழுது பயனில்லை. பிள்ளை நழுவிப் போவது கீழ் வகுப்பில்!

வாணியம்பாடியிலும் திருச்சியிலும் அதிராம்பட்டினத்திலும் கல்லூரிகளை எழுப்பியது நம் முன்னோர் உழைத்துச் சேர்த்த செல்வம். அவர்களுக்கு அல்லாஹ் அருள் புரிவானாக! ஆனால் இன்று நம் ஊர்களில் நடக்கும் நர்சரிப் பள்ளிகளைப் பாருங்கள். வாசலில் பெரிய வளைவு, பளிங்குத் தரை. உள்ளே பாடம் நடத்தும் சகோதரிக்கோ, பல இடங்களில், கடையில் கணக்கு எழுதுபவருக்குக் கொடுக்கும் சம்பளம் கூட இல்லை. பயிற்சியும் இல்லை.

'நமது பள்ளி சிறுபான்மைப் பள்ளி, தகுதித் தேர்வு நமக்கு இல்லை' என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் 1 அன்று அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அந்த விலக்கை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று விஷயத்தைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. நம் பள்ளிகளை நாமே நடத்தும் உரிமைக்காக நாம் குரல் கொடுப்போம். ஆனால் பயிற்சி இல்லாதவரிடம் நம் பிள்ளையை ஒப்படைப்பதற்குப் பெயர் உரிமை அல்ல!

பத்ரு யுத்தத்தில் பிடிபட்டவர்களில் ஈட்டுத்தொகை கொடுக்க இயலாதவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுப்பதையே ஈடாக ஏற்றார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். வறுமை சூழ்ந்திருந்த மதீனாவில், பொற்காசுக்குச் சமமாக அ, ஆ சொல்லித் தருவதை மதித்தார்கள். நாம் எதற்குச் சமமாக மதிக்கிறோம்?

ஆகவே, மாணவர்களே! கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடிவெடுங்கள். சின்ன வகுப்பில் மனம் இருந்தால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் டி.எல்.எட். சேருங்கள். பட்டம் முடித்துவிட்டீர்களா? வயது வரம்பைப் பார்த்துச் சேருங்கள், வெட்கம் வேண்டாம்.

வணிகர்களே! ஒவ்வொரு மஹல்லாவும் ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளின் இரண்டு ஆண்டுச் செலவை ஏற்றுக் கொள்ளட்டும். நம் பள்ளியில் பயிற்சி பெற்றவருக்குக் கௌரவமான சம்பளம் கொடுங்கள்.

அந்தத் தம்பியின் அத்தா இப்போது கடையில் புளி பிரிக்கும்போது கொட்டைகளைத் தனியே எடுத்து வைக்கிறார். "மகன் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டான்" என்கிறாராம். சிரித்தவர்கள் மாறுவார்கள், இன்ஷா அல்லாஹ். முதலில் ஒரு கை உயரட்டும்!