கணினியும் ஆளடையாளமும்

தான் இன்னார் என்று பிறர்க்கு மெய்ப்பிப்பது எத்துணை அரிய செயல் என்பதை வன்னிப் பெருநிலத்து மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின்போது, வீட்டோடு பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் இழந்து, பின்னர் அவற்றை மீண்டும் பெற அலைந்த குடும்பங்கள் அங்கே பல. அந்நிலத்தின் இன்றைய மாணாக்கரை நோக்கிக் கணினியும் அதே வினாவை எழுப்புகின்றது: ‘நீர் யார்?’

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. அப்பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. நாட்டின் பல்கலைக்கழகங்களைக் கணினி வழியே இணைக்கும் ‘லேர்ன்’ என்னும் வலையமைப்பு, ‘எடுரோம்’ என்னும் ஏற்பாட்டை இலங்கையில் நடத்தி வருகின்றது. 2002ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அரும்பிய அவ்வேற்பாடு இன்று 100க்கு மேற்பட்ட நாடுகளில் வழங்குகின்றது. அதிற் சேர்ந்த நிறுவனமொன்றின் மாணாக்கர், சேர்ந்த பிற நிறுவனங்களிலும் தம் கடவுச்சொல்லைக் கொண்டே கம்பியில்லா இணையத்தைப் பெறலாம்.

இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? அறிவியல்நகர் மாணவி ஒருத்தி பேராதனைக்குச் செல்கின்றாள் எனக் கொள்க. அவளைப் பற்றிய பதிவு பேராதனையில் இல்லை. ஆகவே அங்குள்ள சேவையகம், அவள் பயனர் பெயரின் பின்னுள்ள நிறுவன முகவரியை நோக்கி, வினாவை நாட்டின் நடுச் சேவையகத்துக்கு அனுப்பும். அது யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும். கடவுச்சொல் மறைகுறியாகிய உறையினுள்ளே செல்வதால் இடையில் உள்ளோர்க்குப் புலப்படாது. தாய் நிறுவனத்தின் சேவையகமே உறையைப் பிரித்து, தன் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, ‘ஆம்’ என்றோ ‘அன்று’ என்றோ விடை பகரும். பேராதனைக்கு அவ்விடையே போதும்.

ஆயினும் ஓர் இடர் உண்டு. கள்வன் ஒருவன் அதே பெயரில் பொய்யான இணைய வாயிலொன்றை அமைத்தல் கூடும். மாணவியின் கைப்பேசி, தாய் நிறுவனச் சேவையகத்தின் சான்றிதழைச் சரிபாராது விடின், அவ்வுறை கள்வன் கையிலேயே பிரிக்கப்படும். காவலன் ஆளை வினவுதல் போன்றே, ஆளும் காவலனை வினவுதல் வேண்டும்.

இணையச் செயலி ஒன்று பல சேவையகங்களில் நின்று ஒரே தரவுத்தளத்தை நாடுமிடத்தும் நெறி இதுவே. எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை எழுதிவைப்பின், ஒரு சேவையகம் பகைவர் வயமாயினும் தரவு முழுவதும் அவர் வயமாகும். ஆதலின் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கும், அதன் பணிக்கு வேண்டிய அளவே உரிமையும் வழங்குதல் தகும். சேவையகமும் தான் நாடுவது மெய்யான தரவுத்தளந்தானா என்று அதன் சான்றிதழைக் கொண்டு தேர்தல் வேண்டும்.

எனவே கைப்பேசியில் எடுரோமை முதன்முதல் அமைக்கும் மாணாக்கர், ‘சான்றிதழைச் சரிபார்க்க வேண்டா’ என்னும் எளிய வழியைத் தெரிவு செய்யாது, தத்தம் பல்கலைக்கழகம் தரும் அறிவுறுத்தலின்படியே அமைப்பாராக. அதற்குச் செலவாகும் நேரம் சில நிமிடங்களே. இழந்த அடையாளத்தை மீட்கச் செல்லும் காலமோ நெடிது.