பார்க்காத ஆறாம் வகுப்பு

2020 மார்ச்சில் கொரோனாவால் தமிழ்நாட்டுப் பள்ளிகளை மூடினார்கள். அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த அரசுப் பள்ளிப் பிள்ளை, மறுபடி வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பரில். போய் உட்கார்ந்தது ஏழாம் வகுப்பில். நடுவில் இருந்த ஆறாம் வகுப்பு அறையை அது பார்க்கவே இல்லை.

பாடம் நடக்காமல் இல்லை. கல்வித் தொலைக்காட்சியில் நடந்தது. வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. ஆனால் பல வீடுகளில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு அவர் வந்த பிறகுதான், நோட்டை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் படம் எடுத்து அனுப்ப முடியும். அப்படியும் விடாமல் எழுதி அனுப்பினார்களே, அந்தப் பிள்ளைகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஒன்றுதான் குறை. புரியவில்லை என்றால் டிவியிடம் கையைத் தூக்க முடியாது.

ஆறாம் வகுப்புக் கணக்கில்தான் முழுக்கள் வருகின்றன. ஐந்திலிருந்து எட்டைக் கழித்தால் மைனஸ் மூன்று. இது பிடிபடாவிட்டால் மேல் வகுப்பில் இயற்கணிதம் இடறும். அப்படி ஆறாம் வகுப்பு அறையைப் பார்க்காத உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே தடுமாறினால் திட்டாதீர்கள். ஆறாம் வகுப்புப் பாடம்தான் விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். மாலையில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். முதல் கணக்கிலிருந்து போடச் சொல்லுங்கள்.