வைகைக் கரையும் வந்தியின் பங்கும்



மதுரையில் வெள்ளத்தைப் பற்றிப் பேசத் தொடங்குபவர் எவரும் வந்திக் கிழவியை நினையாமல் இருக்க முடியாது. வைகை பெருக்கெடுத்துக் கரையை உடைத்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். கரையை அளந்து குடிகளுக்குப் பங்கிட்டார்கள். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கு ஆள் துணை இல்லை. ஆயினும் அவளுக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்காகச் சிவபெருமானே கூலியாளாக வந்து மண் சுமந்தார் என்று திருவிளையாடற் புராணம் கூறுகிறது. ஆவணி மாதத்தில் புட்டுத்தோப்பில் இன்றும் அந்த விழா நடைபெறுகிறது.

இக்கதையின் பக்திச் சுவையைப் பெரியோர் பலர் விரித்துரைத்திருக்கிறார்கள். பல்லாண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வந்த எனக்கு, இதில் மற்றொரு பாடமும் தெரிகிறது. ஆபத்து ஊருக்குப் பொது. ஆகவே ஒவ்வொருவரும் ஒரு சிறு பங்கைச் சுமந்தால் ஒருவரும் அழிய வேண்டியதில்லை. இன்று நாம் காப்பீடு என்று கூறுவதன் கருவும் இதுவே அன்றோ?

"வைகையில் மணலைத்தானே பார்க்கிறோம், வெள்ளம் எங்கே?" என்று சிலர் நகைக்கலாம். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றைப் பற்றி அச்சம் நீங்கிவிடுவது இயல்பு. அபாயமும் அங்கேதான் தொடங்குகிறது. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகைக்கு ஆண்டிபட்டிக்கு அருகில் 1959-ஆம் ஆண்டில் அணை அமைந்தது. அதன் முழு நீர்மட்டம் 71 அடி. நீர் 66 அடியை எட்டும்போது முதல் வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுக்கப்படுகின்றன. வானொலியில் இந்த எண்களைக் கேட்கும்போது, கரையோரத்தில் வாழ்வோர் அவற்றின் பொருளை அறிந்திருத்தல் வேண்டும்.

ஆறு மட்டும் நமக்கு வெள்ளம் தருவதில்லை. மதுரைச் சமவெளி கண்மாய்களால் ஆன நாடு. மேல் கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குச் செல்லும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், அதன் சுமை முழுவதும் அடுத்ததன் மேல் விழுகிறது. வரத்துக் கால்வாயில் வீடு கட்டினோம்; கலுங்குக்குக் கீழே தெரு அமைத்தோம். நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று மதுரையில் ஒரே பகலில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செல்லூர்க் கண்மாயின் உபரி நீர் தெருக்களில் புகுந்து வீடுகளைச் சூழ்ந்ததை நகரத்தார் நேரில் கண்டார்கள்.

இனி, என் பிழை ஒன்றை உங்கள்முன் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த ஒருவர் காப்பீட்டுப் படிவத்துடன் வந்தார். குத்தகைக்கு இரண்டு ஏக்கரில் நெல் நட்டிருந்தார். "ஐயா, பணம் கட்டலாமா?" என்று கேட்டார். நான் படிவத்தைச் சரியாகப் படிக்கவும் இல்லை. "தம்பி, கட்டின பணம் திரும்பி வராது, அதற்கு ஒரு மூட்டை உரம் வாங்கிப் போடு" என்று கூறி அனுப்பிவிட்டேன். ஆசிரியர் சொல் என்பதால் அவர் அதை ஏற்றார். அவ்வாண்டு கார்த்திகையில் கண்மாய்க் கரை உடைந்தது. கதிர் பால் பிடிக்கும் பருவம். ஊர்ப் பாசன நிலம் முழுவதும் நீரில் மூழ்கியது. பணம் கட்டியிருந்தவர்களுக்குப் பல மாதங்கள் கழித்தேனும் ஒரு தொகை வந்தது. அவருக்கு வரவில்லை. அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அவருடைய மனைவியின் காதுத் தோடு அடகுக்குப் போயிற்று என்பதைப் பிறர் சொல்லி அறிந்தேன். அதன் பின்னரே நான் இந்தப் பொருளைப் பாடமாக எடுத்துப் படிக்கத் தொடங்கினேன்.

படித்ததைச் சுருக்கிச் சொல்லுகிறேன். வேளாண்மைக் காப்பீடு நமக்கு மேனாட்டார் தந்த புதுமை அன்று. மைசூரைச் சேர்ந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி என்பார் மழை அளவை அடிப்படையாகக் கொண்ட ஒரு காப்பீட்டுத் திட்டத்தை 1920-ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார். 1985-இல் நாடு தழுவிய பயிர்க் காப்பீடு வந்தது. 2016 முதல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடைபெறுகிறது. இதில் உணவுப் பயிருக்கு உழவர் கட்ட வேண்டியது காரிஃப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ரபி பருவத்தில் 1.5 விழுக்காடு. எடுத்துக்காட்டாக, ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் எனக் கொண்டால், 1.5 விழுக்காட்டின்படி 450 ரூபாய் ஆகும். எஞ்சிய கட்டணத்தை அரசுகள் ஏற்கின்றன. குத்தகைதாரரும் சேரலாம் என்பதை நான் அன்று அறியாமற் போனேன்.

இழப்பீட்டைக் கணக்கிடும் முறையில்தான் மனக்கசப்புகள் பிறக்கின்றன. பொதுவாக இழப்பு தனி வயலுக்குப் பார்க்கப்படுவதில்லை; அறிவிக்கப்பட்ட ஊர் முழுவதற்கும் பார்க்கப்படுகிறது. ஊரில் சில வயல்களைத் தேர்ந்து, அறுவடை செய்து, எடை போட்டுச் சராசரி காண்கிறார்கள். எதிர்பார்க்கும் விளைச்சல் 2,000 கிலோவாக இருந்து, கிடைத்தது 1,500 கிலோ என்றால், குறைவு நான்கில் ஒரு பங்கு. 30,000 ரூபாயில் நான்கில் ஒரு பங்காகிய 7,500 ரூபாய் கிடைக்கும். ஊர் விளைந்து உங்கள் வயல் மட்டும் கெட்டால் இக்கணக்கில் ஒன்றும் வராது.

இதற்கு விலக்கும் உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு போன்றவற்றுக்குத் தனி வயலையே பார்வையிடுவார்கள். அறுத்துக் காயப்போட்ட கதிர் பருவம் தவறிய மழையில் கெட்டால், 14 நாள் வரை காப்பு உண்டு. இவற்றுக்கெல்லாம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; 14447 என்ற தொலைபேசி எண் அதற்கென உள்ளது. ஆனால், நீரில் மூழ்கிய நெல்லுக்குத் தனி வயல் காப்பு 2018-இல் நீக்கப்பட்டது. கண்மாய்க்குக் கீழே வயல் வைத்திருப்போருக்கு இது பெருங்குறை. 2026-ஆம் ஆண்டு காரிஃப் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண்மை அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. உங்கள் ஊருக்கு எது பொருந்தும், கடைசி நாள் எது என்பதை ஒவ்வொரு பருவத்திலும் வேளாண்மை அலுவலகத்தில் கேட்டறிவது நன்று.

வீட்டுக்கும் காப்பீடு உண்டு. 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருக ரக்ஷா' என்ற பெயரில் பொதுவான பத்திரம் ஒன்று வழங்கப்படுகிறது. தீயுடன் புயலும் வெள்ளமும் அதில் அடங்கும். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க. மேகத்தைக் கண்ட பின் குடை வாங்க ஓடுவதுபோல் காப்பீட்டை நாடலாகாது. அமெரிக்காவில் 1968 முதல் அரசே வெள்ளக் காப்பீடு நடத்துகிறது. அங்குப் பணம் கட்டினாலும், பெரும்பாலும் 30 நாட்கள் கழிந்த பின்னரே காப்பு தொடங்கும். வெயிற்காலத்தில் செய்ய வேண்டிய வேலை இது.

"காப்பீடு இருக்கிறதே, கரை எதற்கு?" என்றும் எவரும் எண்ண வேண்டாம். காப்பீடு பணம் தரும், கரையைக் கட்டாது. நம் முன்னோர் குடிமராமத்து என்று கூடி மண் சுமந்தார்கள். மடையையும் கலுங்கையும் காத்தார்கள். அது முதற் காவல்; காப்பீடு இரண்டாம் காவல். முன்னதைக் கைவிட்டவருக்குப் பின்னது நெடுநாள் உதவாது.

அந்த மாணவரை நான் பின்னர் வீடு தேடிச் சென்று கண்டேன். அடுத்த பருவத்துக்கு அடங்கலும் வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு இருவருமாகச் சென்று பணம் கட்டினோம். "இந்தத் தடவை வெள்ளம் வராவிட்டால் பணம் போய்விடுமே, ஐயா?" என்று சிரித்தார். "போகட்டும் தம்பி, அது வேறோர் ஊரின் கரைக்குப் போகும்" என்றேன்.

வந்தியின் கூலியாள் வேலை செய்யாமல் ஆடிப்பாடித் திரிந்தபோது, பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதல் ஆண்டிவரை அனைவர் முதுகிலும் பட்டது. ஒருவர் மேல் விழும் அடியை எல்லோரும் தாங்குவது என்றால் என்ன என்பதை, இதைவிட எளிதாக எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.